புதியவர்கள் ஏன் தங்குவதில்லை? – கடிதம்

அண்ணாச்சிக்கு வணக்கம்,

எங்கள் கல்லூரிப் பிள்ளைகளை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதப் பழக்கினேன். தாமிரபரணிப் படித்துறைகளைப் பற்றிப் புதுக் கட்டுரை எழுத ஆசையாக வந்தார்கள். புதுக் கணக்கு என்பதால் நேரடியாக வெளியிட முடியவில்லை. அடுத்த வாரம் பாதிப் பேரைக் காணோம். வந்ததும் கையைக் கட்டிப்போட்டால் யார் தங்குவார்கள்?

– ஓர் ஆசிரியர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள தம்பி,

பிள்ளைகளின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்தத் தடைதான் அவர்களை விரட்டியது என்று எனக்குத் தோன்றவில்லை.

கணக்குத் தொடங்கி 4 நாள் ஆகியிருக்க வேண்டும், 10 திருத்தமாவது செய்திருக்க வேண்டும். அதன் பிறகே அங்கே புதுக் கட்டுரையை நேரே வெளியிடலாம். அதுவரை வரைவாக எழுதி அனுப்பலாம். 2017 செப்டம்பரில் ஆறு மாதச் சோதனையாகத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். புதியவர்கள் ஓடிவிடுவார்களோ என்ற பயம் அப்போதும் இருந்தது. முடிவில் கணக்குப் பார்த்தால், அவர்கள் தங்குவதில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. புதுக் கட்டுரைகளைச் சரிபார்ப்பவர்களின் சுமை குறைந்திருந்தது. 2018இல் விதி நிரந்தரமானது.

அங்கே எழுதுவோர் எண்ணிக்கை 2007க்குப் பிறகே சரிந்துவிட்டது. ஏன் என்று ஆராய்ந்து 2013இல் வெளிவந்த கட்டுரை முக்கியமாகச் சொன்ன காரணம், புதியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்த திருத்தங்களும் சட்டென்று நீக்கப்பட்டன என்பது.

உங்கள் மாணவி ஒருத்தி, குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்று வெள்ளத்தில் மூழ்கும் என்று ஒரு வரி சேர்க்கிறாள் என்று வையுங்கள். கண்ணால் பார்த்து வளர்ந்தவள். சான்று இல்லையென்று வரி போய்விடுகிறது, அவளுக்குப் பிறர் செய்தி எழுதிவைக்கும் ‘பேச்சுப் பக்கத்தில்’ அச்சடித்தாற்போல ஓர் எச்சரிக்கை வந்து நிற்கிறது. ‘பொய் சொல்கிறாய்’ என்றுதான் அவளுக்கு அது கேட்கும். ஒருவர் வந்து, தகவல் நல்ல தகவல், வெள்ளத்தைப் பற்றிய நாளிதழ்ச் செய்தி ஒன்றைச் சான்றாகக் கொடுத்தால் வரி நிற்கும் என்று எழுதியிருந்தால்? மறுநாளும் வருவாள். சான்று வேண்டும் என்ற விதி இரண்டிலும் ஒன்றுதானே!

புதியவர்கள் தயங்காமல் கேள்வி கேட்கவென்றே 2012இல் அங்கே ‘டீஹவுஸ்’ என்று ஓர் இடம் திறந்தார்கள். அழைப்புப் பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தங்கினார்கள் என்று பிறகு ஆய்விலேயே தெரிந்தது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அனுப்பிய வரைவு பார்க்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் பிள்ளைகளுக்கு மனசு விட்டுப்போகும். அந்த இடத்தில் தடை உண்மையிலேயே கொல்கிறது.

அடுத்த முறை புதுக் கட்டுரையில் தொடங்காதீர்கள். ஏற்கெனவே இருக்கிற நம்மூர்க் கட்டுரைகளைத் திறந்து, ஊர்ப்பெயர் சரியா, சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு வந்து சேர்வதற்குச் சான்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 10 திருத்தம் தானாக வந்துவிடும். அந்த நாலு நாளும் நீங்கள் பக்கத்தில் இருங்கள். வராமல் போன பிள்ளைகளுக்கும் ஒரு போன் போட்டு, என்ன நடந்தது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.