அப்பாவுக்குக் காய்ச்சல்

அன்புள்ள அக்காவுக்கு,

என் கணவர் பதினோரு வருடமாகக் குடிக்கிறார். போன கார்த்திகையில் மாலை போட்டு 48 நாள் தொடாமல் இருந்தார். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற கூட்டம் நடக்கிறது, வா என்று பக்கத்துத் தெரு அக்கா கூப்பிடுகிறார். குடிப்பது அவர், நான் ஏன் போக வேண்டும்? போனால் அவர் நிறுத்திவிடுவாரா? வீட்டு விஷயம் வெளியே போய்விடாதா? அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி ஒன்றை விளம்பரத்தில் பார்த்தேன். வாங்கலாமா? அவர் வேலைக்குப் போகாத நாளில் நான்தான் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன். முடியவில்லை அக்கா.

பெயர் வேண்டாம், பெரம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று எழுதியிருப்பதால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொடி. வாங்காதே. வாங்கியிருந்தால் கொட்டிவிடு. அதில் என்ன இருக்கிறதோ யார் கண்டது? டைசல்ஃபிரம் என்ற மாத்திரையை டாக்டர்கள் கொடுப்பதுண்டு. அதையும் பரிசோதனை செய்து, சாப்பிடுகிறவர் சம்மதித்த பிறகுதான் கொடுப்பார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தெரியாமல் கலக்கலாமா என்று கேட்க எப்படியம்மா மனசு வந்தது? உன் தவிப்பு புரிகிறது. ஆனாலும் கூடாது என்றால் கூடாது.

மாலை விஷயத்தை விடு. 48 நாள் இருந்தவரால் 49-வது நாள் ஏன் முடியாது என்று அவரிடம் சண்டை பிடித்து ஒன்றும் ஆகாது.

சூப்பர்வைசருக்குப் போன் போடுவதை ஏதோ கடைக்குப் போய்வருவது போல எழுதியிருக்கிறாய். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. எனக்கு அப்போது பத்து வயது, அயனாவரத்தில் குடியிருந்தோம். தெருமுனை மருந்துக்கடையில் கறுப்புப் போன். கடைக்காரர் காசை வாங்கி டிராயரில் போட்டுவிட்டு எண்ணைச் சுழற்றித் தருவார். அம்மா பின்னால் நின்று என் சடையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். "சார், அப்பாவுக்குக் காய்ச்சல், இன்னிக்கு வரமாட்டார்." அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. சொல்லி முடித்ததும் சடையில் பிடி தளரும். மாதத்துக்கு நாலு காய்ச்சல். ஒருமுறை எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது, அம்மா பள்ளிக்கு எழுதிய லீவு லெட்டரில் வயிற்று வலி என்று எழுதினாள். காய்ச்சல் என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

அப்பாவின் வேலை போகாமல் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். குடித்தால் வேலை போகும் என்பதே அதனால் அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், இனிமேல் அந்தப் போனைப் போடாதே. அவரே எழுந்து பேசட்டும், இல்லையென்றால் யாரும் பேச வேண்டாம். சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும். பிள்ளைகள் சாப்பிட வேண்டாமா என்று கேட்பாய். அந்தப் பயம் எனக்கும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் இன்றைக்கு நீ சொல்லும் பொய்யை நாளைக்கு உன் பிள்ளை சொல்லும். எனக்குத் தெரியும். அவர் கை நீட்டுகிறவர் என்றால் மட்டும் கதை வேறு. அப்போது பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழை, மற்றதெல்லாம் பிறகு.

குடியை விட நினைக்கிறவர்களுக்கான ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பை 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். அவர் குடியை விட்ட பிறகு ஒருநாள், கூட்டத்துக்குக் கிளம்பு என்று மனைவி லோயிஸை அவசரப்படுத்தினார். லோயிஸ் ஷூவைத் தூக்கி அவர்மேல் வீசிவிட்டார். கணவர் குடித்த காலத்தில் அல்ல, விட்ட பிறகு! இத்தனை கோபம் எனக்குள் எங்கே இருந்தது என்று அப்போதுதான் யோசித்தார். அந்த லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து 1951-இல் தொடங்கியதுதான் அல்-அனான். குடிக்கிறவரை நீ குடிகாரர் ஆக்கவில்லை, உன்னால் அவரைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்று அங்கே சொல்வார்கள். ஆகவே அவர் நிறுத்துவாரா என்று கேட்டுக்கொண்டு போகாதே. நம்மூரிலும் குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. அங்கேயும் குடிப்பவரோடு குடும்பத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அவர் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் நாளில் அந்த வழி இருக்கிறது.

வெளியே போய்விடாதா என்கிறாய். அவர் தள்ளாடிக்கொண்டு வருவது தெரு வழியாகத்தானே? கூட்டத்தில் முழுப்பெயர் கேட்க மாட்டார்கள், கட்டணமும் கிடையாது. கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள்.

அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து அம்மாவை ஒரு தோழி அங்கே அழைத்துப்போனாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள் அம்மா. "நாலு பேர் முன்னாடி, குடிச்சார்னு சொல்லிட்டேன்டி" என்றாள். அப்போது அவளுக்கு வயது 61.

உனக்கு அத்தனை வருடம் ஆக வேண்டாம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று பக்கத்துத் தெரு அக்காவிடம் இன்றைக்கே கேள். முதல்நாள் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் சரி, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போய்வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா