சாவுச் செய்தியிலிருந்து தொடங்குங்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மனைவிக்கு அயர்லாந்தில், நான் இருக்கும் பாலினஸ்லோவில் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு வயது மகளோடு தஞ்சாவூரிலிருந்து கிளம்பப் போகிறீர்கள். வரப்போகும் ஊரைத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு வாரமாக உள்ளூர்ச் செய்திகளைப் பார்த்திருக்கிறீர்கள். குழாய் உடைந்து தண்ணீர் நின்றது, ஒரு சாலையை மூன்று நாள் மூடுகிறார்கள், யாரோ வீட்டுக்குப் பின்னால் அறை கட்ட அனுமதி கேட்கிறார்கள், பள்ளிக்கு நிதி திரட்டக் கேக் விற்பனை, அப்புறம் தினமும் இறந்தவர்கள் பட்டியல். "இவ்வளவுதானா அக்கா அந்த ஊர்? எப்படிப் பொழுது போகும், பிள்ளைக்கு ஒட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 2008-இல் இங்கே வந்தேன். பிறந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வந்த புதிதில் எனக்கும் அதே கேள்விதான். ஏறக்குறைய ஆறரை ஆயிரம் பேர் வாழும் ஊர், கால்வே மாவட்டத்தின் கிழக்கு ஓரம், சக் ஆற்றங்கரை. மாலையானால் தெருவில் ஆள் இருக்காது. நீங்கள் பார்த்த அந்தச் சின்னச் செய்திகளைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் இது எனக்கு ஊராகவே தெரிய ஆரம்பித்தது. அதனால் அவற்றிலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த இறந்தவர்கள் பட்டியல். உங்களுக்கு அதுதான் பயமாக இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் முதல் குளிர்காலத்தில் எதிர்வீட்டுப் பாட்டி இறந்துபோனார். நான் பணிக்குக் கிளம்பும்போதெல்லாம் ஜன்னலில் நின்று கையசைப்பவர். வாசலில் கார்கள் நிறைந்திருந்தன, ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, வெள்ளைக்காரர் வீட்டுக்குக் கூப்பிடாமல் போனால் தப்பாக நினைப்பார்களோ என்று போகாமல் இருந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா, "உன்னை அங்கே காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அப்போதுதான் அம்மா சொல்வது ஞாபகம் வந்தது: நல்லதுக்குச் சொன்னால் போகணும், கெட்டதுக்குச் சொல்லாமலே போகணும். இந்த ஊரின் வழக்கமும் எழுத்துப் பிசகாமல் அதுதான். பாட்டி வீட்டுக்கு அன்று போகாதது இன்றுவரை என் மனதில் கிடக்கிறது.

ஆகவே இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுகிறோம் இல்லையா, அந்த வேலையை இங்கே ஆர்ஐபி டாட் ஐஇ என்ற இணையதளம் செய்கிறது. 2005-இல் தொடங்கியது. 2025 தொடக்கத்திலிருந்து ஓர் அறிவிப்புக்கு 100 யூரோ வாங்குகிறார்கள். அதில் பலருக்கு வருத்தம். உள்ளூர் வானொலியிலும் இறப்பு அறிவிப்புகளை வாசிப்பார்கள். அந்த நேரத்தில் சில வீடுகளில் குழந்தைகளைக்கூடப் பேசவிட மாட்டார்கள். அறிவிப்பில் இறந்தவர் பெயர், எந்தச் சிற்றூர், யாருக்கு மகள், யாருக்குப் பாட்டி எல்லாம் இருக்கும். கீழே, உடல் எங்கே, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை வைக்கப்பட்டிருக்கும் என்று இருக்கும். அந்த நேரம் எல்லாருக்கும் பொது. வீடு குடும்பத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் வீட்டுக்குப் போகக்கூடாது, தேவாலயத்துக்குப் போகலாம்.

போனால் வரிசையில் நில்லுங்கள். குடும்பத்தார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் கையையும் பிடித்து "சாரி ஃபார் யுவர் டிரபிள்", அதாவது உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், வேறு வார்த்தை தேட வேண்டாம். பெட்டி திறந்தே இருக்கும், ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டு நகரலாம். மாலை கொண்டுபோகும் வழக்கம் இல்லை, ஒரு அனுதாப அட்டை போதும். பெரும்பாலும் இறந்த இரண்டு மூன்று நாளில் பூசை, அடக்கம் எல்லாம் முடிந்துவிடும். ஒரு மாதம் கழித்து நினைவுப் பூசை வைப்பார்கள். நம் பதினாறாம் நாள் காரியம் போல அதற்கும் சொந்தம் கூடும். முக்கியமானது ஒன்று: இறந்தவரை நீங்கள் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. உங்கள் மனைவியின் வார்டில் வேலை பார்ப்பவரின் அம்மா தவறிவிட்டால் அந்த வார்டே போகும், நீங்களும் கூடப் போங்கள். நான் பிறகு போன எல்லாச் சாவு வீடுகளிலும், "நீ வந்ததற்கு நன்றி" என்று கையைப் பிடித்தவர்கள் மறுவாரம் கடையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த நட்புகளில் பாதி அந்த வரிசைகளில் ஆரம்பித்தது.

சரி, அடுத்தது கடை திறப்பு, கடை மூடல். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கடை திறந்ததற்கு இத்தனை வாழ்த்தா என்று தோன்றும். காரணம் இருக்கிறது. நான் வந்தபோது டப்ளினிலிருந்து கால்வே போகிற லாரியெல்லாம் ஊர் நடுவே போகும். சாலையைக் கடக்கப் பத்து நிமிஷம் நிற்போம். 2009 டிசம்பரில் ஊருக்கு வெளியே போகும் எம்6 நெடுஞ்சாலை கால்வே வரை திறந்தது, ஒரே நாளில் ஊர் அமைதியானது. நிம்மதிதான். ஆனால் வழியில் நிறுத்தித் தேநீர் குடித்தவர்கள், பெட்ரோல் போட்டவர்கள் எல்லாம் வெளியே போய்விட்டார்கள். அதே சமயத்தில் நாடே பொருளாதாரச் சரிவில் விழுந்தது. இளைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கிளம்பினார்கள். 1833-இல் திறந்த புனித பிரிஜிட் மனநல மருத்துவமனை, தலைமுறை தலைமுறையாக ஊருக்குச் சோறு போட்ட இடம், 2013-இல் மூடியது. 2014-இல் நாட்டின் 80 நகர மன்றங்களையும் கலைத்தார்கள், எங்களுடையதும் போயிற்று. 2021-இல் பேங்க் ஆஃப் அயர்லாந்து, பிரிட்டனின் கீழுள்ள வட அயர்லாந்தைச் சேர்க்காமலே, 88 கிளைகளை மூடியது. 2023 ஏப்ரலில் அல்ஸ்டர் பேங்க் இந்த நாட்டில் இருந்த தன் கிளைகளையெல்லாம் மூடிவிட்டுப் போனது. கையில் பணத்தை எண்ணி வாங்கிப் பழகிய வயதானவர்கள் தவித்ததை நான் நேரில் பார்த்தேன். இப்படி ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்த மக்களுக்கு, ஒரு முடிதிருத்தும் கடை திறந்தாலும் நல்ல செய்திதான். நீங்கள் வந்ததும் முடிந்தவரை ஊருக்குள்ளேயே வாங்குங்கள். வங்கிக் கணக்கு இருந்தாலும் உள்ளூர் கிரெடிட் யூனியனிலும் சேர்ந்துவிடுங்கள். நம் கூட்டுறவுச் சங்கம் மாதிரி, உறுப்பினர்களுக்குச் சொந்தமானது.

இந்த மாற்றங்களின் இன்னொரு பக்கம் வீடு. கதவடைத்துக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துவிட்டு, சின்ன ஊர்தானே, வாடகைக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கிடைக்காது. அறிவிப்பாக வருவதைவிட வாய்வழியாகப் போகும் வீடுகள் அதிகம், உங்கள் மனைவியின் சக ஊழியர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்து குடியிருந்தால் அரசு 50,000 யூரோ வரை மானியம் தருகிறது, இடிந்து கிடப்பதானால் 70,000 வரை. அதெல்லாம் நீங்கள் வந்து வேரூன்றிய பிறகு. தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

கட்டட அனுமதி அறிவிப்பு பற்றிக் கேட்டீர்கள். யாராவது கட்ட வேண்டுமென்றால் வாசலில் ஒரு தாள் ஒட்ட வேண்டும், செய்தித்தாளிலும் போட வேண்டும். விண்ணப்பம் மாவட்ட மன்றத்துக்குப் போன ஐந்து வாரத்துக்குள் 20 யூரோ கட்டி யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். குடியுரிமை கேட்க மாட்டார்கள். ஓட்டும் அப்படித்தான், இது நம்மில் பலருக்குத் தெரியாது. உள்ளாட்சித் தேர்தலில் 18 வயதான, இங்கே வசிக்கும் எவரும் வாக்களிக்கலாம், இந்தியக் கடவுச்சீட்டே போதும். நான் குடியுரிமை வாங்குவதற்கு முன்பே ஓட்டுப் போட்டிருக்கிறேன். வேட்பாளர்கள் வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவார்கள். 2024 ஜூனில் வந்த ஒருவரிடம் எங்கள் நடைபாதை விளக்கைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன், மழையில் நின்று கேட்டார். ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்துவது கிடையாது, பிடித்த வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போட வேண்டும். அடுத்தது 2029-இல். வந்த உடனேயே வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

தண்ணீர் நின்ற செய்தியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தம்பி. 2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை அதிகாலை ஏயோவின் புயல் வந்தது. எங்கள் மாவட்டக் கடற்கரையில் மேஸ் ஹெட்டில் மணிக்கு 183 கிலோமீட்டர் காற்று, இந்த நாட்டில் அளந்ததிலேயே அதிகம். 7,68,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எங்கள் சாலையில் ஐந்து நாள் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை, வீட்டைச் சூடாக்கும் பாய்லரும் ஓடவில்லை. கைப்பேசியும் செத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் முகாம் அடுப்பு ஒன்றையும் ஒரு மூட்டைக் கரிக்கட்டையையும் கொண்டுவந்து இறக்கினார். அந்த அடுப்பில் நான் ரசம் வைத்து நான்கு வீட்டுக்குக் கொடுத்தேன். குடிக்கத் தண்ணீர், கைப்பேசிக்கு மின்னேற்றம், வெந்நீர்க் குளியல் எங்கெங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அந்தச் சின்னச் செய்திகளில்தான் வந்தது. இங்குள்ள வானிலை மையமான மெட் ஏரன் மஞ்சள் எச்சரிக்கை கொடுத்தால் துணியை உள்ளே எடுங்கள், ஆரஞ்சு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், சிவப்பு என்றால் கதவைத் திறக்காதீர்கள். மெழுகுவத்தி, டார்ச், பவர் பேங்க், நான்கு பெரிய பாட்டில் தண்ணீர் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

பாட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 பிப்ரவரியிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் அலுமினிய டின்னுக்கும் முன்பணம் வாங்குகிறார்கள், அரை லிட்டர் வரை 15 சென்ட், அதற்கு மேல் 25. நசுக்காமல் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். பால் பாட்டிலுக்கு இது கிடையாது.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளிதான் அவளை இந்த ஊருக்குள் கொண்டுவரும், உங்களைவிட வேகமாக. இங்கே தொடக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் உள்ளவை. இரண்டாம் வகுப்பில் முதல் நற்கருணை வரும், கத்தோலிக்கப் பிள்ளைகள் தேவாலயத்தில் முதன்முறையாகப் புனித அப்பம் பெறும் சடங்கு. அந்த ஆண்டெல்லாம் வகுப்பில் அதே பேச்சு. மே மாதம் வெள்ளை உடையில் பிள்ளைகள் படம் ஊர்ச் செய்தி முழுக்க இருக்கும். உங்கள் மகள் சேர வேண்டிய கட்டாயம் இல்லை, சேர்க்கையின்போதே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் வகுப்புத் தோழிகளின் அந்த நாளுக்கு வாழ்த்து அட்டை கொடுத்தனுப்புங்கள். தொடக்கப் பள்ளியில் 2023-இலிருந்து புத்தகம் இலவசம். சனிக்கிழமை காலையில் கமோகி பயிற்சிக்கு அனுப்புங்கள். ஹர்லிங் என்று மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஐரிஷ் விளையாட்டு இருக்கிறது, அதைப் பெண்பிள்ளைகள் ஆடினால் கமோகி. இந்தக் கிழக்கு கால்வேயில் ஹர்லிங்தான் உயிர். 2017-இல் 29 ஆண்டு கழித்துக் கால்வே அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றபோது, என் நோயாளி ஒருவர், எண்பதைத் தாண்டிய மனிதர், குழந்தை மாதிரி அழுதார். என் மகள் ஏழு வயதில் மட்டையைப் பிடித்தாள். முதல் மாதம் ஓரமாக நின்றாள், இரண்டாம் மாதம் முழங்காலில் சிராய்ப்போடு சிரித்துக்கொண்டு வந்தாள். பயிற்சி நேரத்தில் கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாக்களோடு நீங்களும் நில்லுங்கள், அங்கேதான் உங்களுக்கும் ஆட்கள் கிடைப்பார்கள்.

உங்கள் வேலை பற்றி ஒரு வரி: மனைவியின் வேலை அனுமதி கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் (தட்டுப்பாடான திறன்களுக்கானது) வகை என்றால் நீங்கள் தனி அனுமதி இல்லாமலே வேலை பார்க்கலாம். இந்திய ஓட்டுநர் உரிமத்தை இங்கே மாற்றித் தர மாட்டார்கள், புதிதாகத் தேர்வு எழுத வேண்டும். அதுவரை டப்ளின்–கால்வே ரயில் இங்கே நிற்கும், கிராமங்களுக்கு லோக்கல் லிங்க் பேருந்து உண்டு.

நீங்கள் செப்டம்பர் கடைசியில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல நேரம். அக்டோபர் தொடக்கத்தில் குதிரைச் சந்தை, ஐரோப்பாவின் மிகப் பழைய சந்தைகளில் ஒன்று. ஐரிஷ் மொழியில் இந்த ஊர்ப் பெயரிலேயே கூட்டம் கூடும் ஆற்றுத்துறை என்ற பொருள் இருக்கிறது, சந்தையன்று பார்த்தால் விளங்கும். சந்தைத் திடல் முழுக்கக் குதிரையும் கழுதையும் சேறும். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, இங்கே எல்லார் முன்னாலும் உள்ளங்கையில் ஓங்கி அடித்துப் பேசுவார்கள். விலை படிந்ததும் விற்றவர் வாங்கியவருக்கு அதிர்ஷ்டக் காசு என்று கொஞ்சம் திருப்பிக் கொடுப்பார். முதல் ஞாயிறு நானே உங்கள் மூவரையும் கூட்டிப்போகிறேன். மகளுக்கு ரப்பர் பூட்ஸ் மட்டும் தஞ்சாவூரில் வாங்கிச் சுமக்க வேண்டாம். என் மகளுக்கு ஆறு வயதில் வாங்கியது, சிவப்பு நிறம், இன்னும் பரணில் இருக்கிறது.