ஐ.நா. மனித உரிமை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு நிறைவேற்றாத அரசைச் சாதாரண ஆள் எப்படிக் கேள்வி கேட்பது?

நீங்களும் மனு போட்டு ஓய்ந்துபோய்த்தான் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன்.

அரசு வெறும் கையெழுத்தோடு நின்றதா, சட்டமும் போட்டதா என்று முதலில் பாருங்கள். சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது, அதற்குக் கட்டுப்படுவதாக இன்னும் உறுதி செய்யவில்லை. அதை வைத்துக்கொண்டு ஓர் அலுவலக வாசலில் நின்று எதுவும் கேட்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் ஒப்பந்தம் அப்படியில்லை. 2007-ல் உறுதி செய்தாயிற்று, 2016-ல் சட்டம், 2017 ஜூனில் விதிகள். விதி வந்த ஐந்து வருடத்துக்குள் பொதுக் கட்டிடம் எல்லாவற்றிலும் அவர்கள் சிரமமில்லாமல் உள்ளே போக வசதி வேண்டும் என்கிறது 45-ஆம் பிரிவு. கெடு 2022 ஜூனோடு முடிந்தது.

காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகம், பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. (எதுவென்று சொல்லமாட்டேன், நாளைக்கும் அங்கேதான் போகணும்.) அண்ணன் போலியோவால் வீல்சேரில் இருப்பவர். வாசலில் மூன்று படி. ஊழியர் ரிஜிஸ்தரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வருவார். நாலு பேர் பார்க்க, வெயிலில், மடியில் வைத்து அண்ணன் கையெழுத்துப் போடுவார். "நாங்களே வெளிய வந்துடுறோமே சார், அப்புறம் என்ன குறை?" நல்ல மனுஷன்தான், குறை சொல்லவில்லை.

10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, "ஏன் சாய்தளம் இல்லை?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். முப்பதாவது நாள் பதில்: 'ஏன்' என்பது தகவல் ஆகாது. தப்பு என்மேல்தான். அடுத்த மனுவில் காரணமே கேட்கவில்லை. கட்டிடத்தை ஆய்வு செய்த தேதி, ஒதுக்கிய தொகை, கோப்பின் நகல், அவ்வளவுதான். ஆய்வு செய்யப்படவில்லை, வீட்டு உரிமையாளர்கள் சம்மதம் நிலுவையில் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

உரிமையாளர்கள் என்றால் பங்காளிகள் பதினேழு பேர். பாதி சென்னை, மிச்சம் மலேசியா. இது செட்டிநாட்டு வியாதி. எங்கள் பூர்வீக வீட்டிலும் வளவில் ஓடு சரிந்து நாலு வருஷமாச்சு, சித்தப்பா மகன் கையெழுத்துப் போடமாட்டேன்கிறான். கோயிலில் மாலை வாங்க மட்டும் முதல் ஆளாக வந்து நிற்பான். சரி, அதை விடுங்கள்.

அந்தப் பதிலின் நகலைச் சேர்த்து, சிவகங்கையில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தேன். எட்டு மாதத்தில் சாய்தளம் வந்தது. இஞ்ச் டேப்போடு போனோம். மூன்று படியும் சேர்ந்து 21 இஞ்ச் உயரம். ஓர் இஞ்ச் ஏற 12 இஞ்ச் நீளம் என்பது கணக்கு, அப்படியென்றால் 21 அடி வரணும். இருந்தது ஆறடி. இப்போது அதில் ஊழியர்கள் பைக் ஏற்றுகிறார்கள்.

"கோர்ட்டுக்குப் போகலாமே" என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள். இந்த வசதிகளைக் கட்டாய விதியாக எழுத 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே மத்திய அரசுக்கு மூன்று மாதக் கெடு கொடுக்க வேண்டியிருந்தது. நான் ஜெராக்ஸ் கடைக்காரன், ஐகோர்ட் மதுரைக் கிளைக்கு நடையாய் நடக்க எனக்குக் கட்டாது.

போன வாரம் மூன்றாவது மனு போட்டிருக்கிறேன்: சாய்தளத்தின் வரைபடம், எம்-புக் (வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல், அளந்து கையெழுத்திட்ட பொறியாளரின் பதவி. அவர்கள் பதில் தர இன்னும் 22 நாள் இருக்கிறது.