கூரைத் தோட்டத்தில் தொழிலாளி வழுக்கி விழுந்தால் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் கொண்டோமினியத்தில், நான்கு மாடிக் கார் நிறுத்தக் கட்டடத்தின் மேல் பசுமைக் கூரை இருக்கிறது. 2019இல் கட்டிய வளாகம். களை பிடுங்கவும் வடிகால் வாய்களைச் சுத்தம் செய்யவும் குத்தகை நிறுவனம் மாதந்தோறும் இரண்டு ஊழியர்களை அனுப்புகிறது. ஏறுவதற்குச் சுவரில் பதித்த இரும்பு ஏணி. ஓரத்தில் முழங்கால் உயரத் திட்டு. போன மாதம் ஒருவர் ஈரமண்ணில் வழுக்கி, திட்டைப் பற்றித் தப்பினார். “எது நடந்தாலும் குத்தகையாளரே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே” என்கிறார்கள் நிர்வாக மன்றத்தில் மற்றவர்கள். நான் மன்றச் செயலாளர். என்மீது வழக்கு வருமா?

பதில்: வரலாம். ஒப்பந்தத்தில் உள்ள அந்த வரி பணக் கணக்குக்கு மட்டுமே உதவும்; குற்றப் பொறுப்பை எழுத்து மூலம் இன்னொருவர் தலையில் கட்டிவிட முடியாது.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்மீது கடமை சுமத்துகிறது. வேலை நடக்கும் இடம் மட்டுமல்ல, அங்கே போய்வரும் வழியும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். அங்கிருப்பவர் உங்கள் ஊழியரா, வேறொருவரின் ஊழியரா என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. கூரை பொதுச் சொத்து; அதை நிர்வகிப்பது உங்கள் எம்சிஎஸ்டி, அதாவது வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த சட்டப்பூர்வ நிர்வாக அமைப்பு. ஏணியையும் திட்டையும் குத்தகையாளர் கட்டவில்லை. அதோடு, குத்தகையாளருக்குப் போதிய திறன் உண்டா என்று பார்த்தே வேலை தர வேண்டும் என 14ஏ பிரிவு சொல்கிறது. குறைந்த விலைக்கு வந்தவர் என்பது அதற்குப் பதிலாகாது.

பொதுத் தண்டனையாக, முதல் குற்றத்துக்கு அமைப்புக்கு 500,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். தனிநபருக்கு 200,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அமைப்பு குற்றம் செய்தால் அதன் பொறுப்பாளர்களும் குற்றவாளிகளாகக் கருதப்பட 48ஆவது பிரிவு வழி செய்கிறது. உங்கள் சம்மதமின்றி நடந்தது, தடுக்க உரிய முயற்சி எடுத்தீர்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஒருவர் வழுக்கியது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இனி ‘தெரியாது’ என்று சொல்லும் வாய்ப்பு இல்லை. அதனால் இந்த வாரமே மன்றத்துக்கும் நிர்வாக முகவருக்கும் எழுதுங்கள்: கூரை வேலை உடனே நிற்க வேண்டும், ஏணி பூட்டப்பட வேண்டும். அந்தக் கடிதம் முதலில் அந்த இரண்டு தொழிலாளிகளைக் காக்கும், பிறகு உங்களையும்.

எப்போது திறக்கலாம்? உயரமான இடத்து வேலைகளுக்கான 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, 2 மீட்டருக்கு மேல் விழக்கூடிய திறந்த ஓரத்துக்குத் தடுப்பு வேண்டும். தடுப்புக் கம்பி என்றால் மேல்கம்பி குறைந்தது 1 மீட்டர் உயரம். கம்பிகளுக்கிடையே 600 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. இங்கே பலரும் ஏமாறுவது அளவெடுக்கும்போதுதான். கான்கிரீட்டிலிருந்து அளக்காதீர்கள், தொழிலாளி நிற்கும் மண்மட்டத்திலிருந்து அளந்து பாருங்கள். 20 சென்டிமீட்டர் மண் கொட்டினால், வரைபடத்தில் ஒரு மீட்டராக இருந்த சுவர் 80 சென்டிமீட்டராகிவிடும்.

தடுப்பு வைக்கவே வழியில்லாத இடத்தில்தான் ஹார்னஸ் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை), லைஃப்லைன் (அதை இணைக்கும் பாதுகாப்புக் கயிறு) பேச்சு வர வேண்டும். கயிற்றைக் கட்டும் ஆங்கர் கொக்கி செடிக்குள் மறைந்து துருப்பிடித்துக் கிடந்தால் ஹார்னஸ் வெறும் அலங்காரம். 3 மீட்டருக்கு மேல் விழும் ஆபத்துள்ள வேலைக்கு, தொடங்குமுன் பெர்மிட்-டு-வொர்க் என்ற எழுத்துமூல வேலை அனுமதி கட்டாயம். எழுதிவைத்த விழுதல் தடுப்புத் திட்டத்தையும் தொழிலாளிகளின் பயிற்சிச் சான்றிதழ்களையும் குத்தகையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் தேடுங்கள். 2016 ஆகஸ்ட் முதல், 10 மில்லியன் வெள்ளிக்குக் குறையாத கட்டுமானத் திட்டங்களுக்கு வடிவமைப்பிலேயே பாதுகாப்பு பார்க்கும் விதிமுறைகள் நடப்பில் உள்ளன. அதற்கென ஒரு பாதுகாப்புப் பதிவேடு உண்டு; பராமரிப்பின்போது வரும் ஆபத்துகளும் அதில் இருக்க வேண்டும். உங்கள் வளாகம் அந்த வரம்புக்குள் வந்திருக்கும். பதிவேடு எம்சிஎஸ்டி கோப்பில் இல்லையென்றால் கட்டுமான மேம்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கூரைக்குப் போகும் வழியை அவர்கள் எப்படித் திட்டமிட்டார்கள், திட்டமிடவே இல்லையா என்பது அதில் தெரியும்.

பணத்துக்கு வருவோம். புதுத் தடுப்புக் கம்பியைப் பொதுச் சொத்தின் மேம்பாடு என்று யாராவது வாதிட்டால் சிறப்புத் தீர்மானம் தேவைப்படும்: 21 நாள் முன்னறிவிப்பு, செல்லுபடியாகும் வாக்குகளின் பங்கு மதிப்பில் (ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு) 75 விழுக்காடு ஆதரவு. சட்டக் கடமையை நிறைவேற்றும் வேலை இது என்பதே என் கருத்து. ஆனாலும் அந்தத் தீர்மானத்தையே கொண்டுவாருங்கள். பின்னால் தகராறு வராது. ஆண்டுக் கூட்டம் வரை காத்திருக்காமல் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டுங்கள். அதுவரை வடிகால் அடைத்துக்கொண்டால், சொந்த ஏற்பாட்டோடு வரும் தேர்ந்த நிறுவனத்தை அந்த ஒரு வேலைக்கு மட்டும் அழைக்கலாம்.

வழுக்கிய அந்தத் தொழிலாளியை நினைத்தால் மனம் பதறுகிறது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில், ஏற மாட்டேன் என்று அவர் வாய் திறந்திருக்க மாட்டார். கூரையை மூடியதற்காக அவருடைய வேலைநாளையோ சம்பளத்தையோ குறைக்கக் கூடாது என்று குத்தகையாளருக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.