ஒன்பதே வாரத்தில் மருந்தை மாற்றக் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. பத்து வாரங்களுக்கு முன் எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது, கணவருக்கு இல்லை. அடுத்த வாரமே டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரையைத் தொடங்கினார்கள். இரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரையும், கூடவே கால்சியம் மாத்திரையும் ஏற்கெனவே எடுத்துவருகிறேன். மறந்துவிடக் கூடாதென்று மூன்றையும் இரவு படுக்கப்போகும்போது ஒன்றாக விழுங்கிவிடுவேன். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. எடையும் மூன்று கிலோ கூடிவிட்டது. தொடக்கத்தில் 1,80,000 இருந்த வைரஸ் அளவு, ஆறாவது வாரப் பரிசோதனையில் 210 என்று வந்தது. இன்னும் பூஜ்ஜியம் ஆகவில்லையே என்று பயமாக இருக்கிறது. சென்ற வாரம் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன், நன்றாகத் தூங்கினேன். இந்த மருந்து கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்றும் கேள்விப்பட்டேன். அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறோம். தோழி ஒருவர் எடுக்கும் புதிய, சிறிய மாத்திரைக்கு மாறலாமா? இப்போதே மாற்றினால் பின்னாளில் எனக்கு மருந்தே இல்லாமல் போய்விடுமா? நிறுத்திய விஷயத்தை மருத்துவரிடம் சொல்லலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு அச்சங்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு மருந்து உங்கள் உடலுக்கு மிகவும் வீரியமாக இருக்கிறது என்பது ஒன்று; வைரஸைப் பூஜ்ஜியமாக்கும் அளவுக்கு அதற்கு வீரியம் போதவில்லை என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே காரணமாகச் சேர்த்து மாற்றம் கேட்டால் மருத்துவருக்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம். ஆகவே முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம்.

1,80,000 என்பது 210 ஆகியிருக்கிறது. ஆயிரம் வைரஸில் ஒன்று மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஆறு வாரத்துக்கு இது மிக நல்ல இறக்கம். முதல் சில வாரங்களில் அளவு மளமளவென்று சரிவதும், பிறகு மெதுவாக இறங்குவதும் இந்த நோயின் இயல்பு. வைரஸைச் சுமக்கும் உயிரணுக்களில் பெரும்பாலானவை ஓரிரு நாட்களில் மடிந்துவிடுகின்றன. வேறு சில வாரக்கணக்கில் உயிரோடிருந்து சிறிது சிறிதாக வைரஸை வெளியிடுகின்றன. ஒரு லட்சத்துக்கு மேல் தொடங்கியவர்களுக்கு, கண்டறிய முடியாத நிலை எனக் கொள்ளும் 50-க்குக் கீழே வர மூன்று மாதமும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எனவே 210 என்ற எண், மருந்தை மாற்றுவதற்கான காரணமே அல்ல. ஆனால் அந்த எண்ணை மெதுவாக இறங்கவைக்கக்கூடிய ஒன்றை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோயிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் அந்த வரிதான் முக்கியமானதாகப் படுகிறது.

டோலுடெக்ராவிர் உலோக அயனிகளோடு பிணைந்துகொள்ளும் தன்மை உடையது. இரும்பு, கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் ஆகியவற்றில் எது வயிற்றில் அதனுடன் சேர்ந்தாலும், மருந்தின் ஒரு பகுதி குடலால் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடும். வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து எடுக்கும்போது இரத்தத்தில் சேரும் மருந்தின் அளவு பாதிக்கு மேல் குறைகிறது. கால்சியத்தோடு எடுக்கும்போது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைகிறது. சாப்பிட்டு வெகுநேரம் கழித்து, படுக்கப்போகும் வேளையில் மூன்றையும் ஒன்றாக விழுங்கும் உங்கள் வழக்கம் ஏறத்தாழ அந்த நிலைதான். மறக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்தது. இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பது மருந்து கொடுத்தவர்களின் குறை. டோலுடெக்ராவிரை முதலில் எடுத்தால் குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து மற்றவற்றை எடுக்கலாம். மற்றவற்றை முதலில் எடுத்துவிட்டால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் உணவோடு எடுப்பதானால் டோலுடெக்ராவிரை உடன் எடுத்தாலும் பாதகமில்லை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமிலநீக்கி மருந்துக்கு இந்த உணவுச் சலுகை கிடையாது. அதற்கு எப்போதும் இடைவெளி வேண்டும். (கால்சியமானது இரும்பு உடலில் சேர்வதையும் தடுக்கும், ஆகவே உங்கள் இரத்தசோகைக்காகவும் அவ்விரண்டையும் வெவ்வேறு வேளைக்குப் பிரித்துவிடுவது நல்லது.)

இனி தூக்கம். டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கமின்மையையும் நிஜம்போல் தெளிவான, விசித்திரமான கனவுகளையும் தருவது உண்மை. அது உங்கள் கற்பனை அல்ல. பலருக்கு முதல் சில வாரங்களில் தானாகவே அடங்கும். உங்களுக்கு ஒன்பது வாரம் ஆகியும் அடங்கவில்லை. முன்பு எஃபாவிரென்ஸ் என்ற மருந்தை இரவில், வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்வோம். தலைச்சுற்றலைத் தூக்கத்திலேயே கழித்துவிடலாம் என்பது காரணம். எல்லா எச்.ஐ.வி. மாத்திரைகளும் இரவுக்கு உரியவை என்ற எண்ணம் அங்கிருந்துதான் இன்னும் தொடர்கிறது என்று நினைக்கிறேன். டோலுடெக்ராவிரைக் காலையில் எடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. தூக்கம் கெடுகிறவர்களுக்கு முதலில் சொல்வதே அதுதான். ஒரே தாவலில் மாற்றாமல், நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக நகர்த்திக்கொண்டே வந்தால் ஒரு வாரத்துக்குள் காலை வேளைக்கு வந்துவிடலாம். நடுவில் 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழாது. மாத்திரை காலைக்கும், இரும்பு மதிய உணவுக்கும், கால்சியம் இரவு உணவுக்கும் என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன சிக்கலும் அதோடு தீர்ந்துவிடும். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இதைத் தொடங்குங்கள்; உங்களுக்குச் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் போன்ற வேறு மருந்துகள் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், ஏனெனில் டோலுடெக்ராவிர் அதன் அளவை இரத்தத்தில் கூட்டும்.

காலைக்கு மாற்றி நான்கு வாரம் ஆன பிறகும் தூக்கம் வராவிட்டால், மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். ஒன்பது வாரம் என்பது மாற்றுவதற்கு மிகவும் சீக்கிரம் என்று எந்த விதியும் இல்லை. தூக்கமில்லாத ஒருவர் நாளடைவில் மாத்திரையை வெறுக்கத் தொடங்குவார். வெறுத்த மாத்திரையை ஒருநாள் விட்டுவிடுவார். "பொறுத்துக்கொள்ளுங்கள், போகப்போகச் சரியாகிவிடும்" என்று மூன்றாவது முறையாகச் சொல்லும் மருத்துவர் அந்த நாளை அருகே கொண்டுவருகிறார் என்பது என் கருத்து. காத்திருக்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. வாழ்க்கை வேண்டாம் என்ற எண்ணமோ கடும் மனச்சோர்வோ வந்தால், தோலில் தடிப்போடு காய்ச்சலும் வாய்ப்புண்ணும் முகவீக்கமும் சேர்ந்தால், கண் மஞ்சளாக மாறினால், மூச்சுத் திணறினால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நிறுத்துவதா, வேறொன்றுக்கு மாற்றுவதா என்பதை அங்கே முடிவு செய்வார்கள்.

பின்னாளில் மருந்தே இல்லாமல் போய்விடுமா என்ற கேள்வியைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தாங்க முடியாததால் மாற்றிய மருந்து வேறு, தோற்றுப்போன மருந்து வேறு. தூக்கத்துக்காக ஒரு மருந்தை விட்டு இன்னொன்றுக்கு முறையாக மாறினால், விட்ட மருந்தை எதிர்க்கும் வைரஸ் உங்கள் உடலில் உருவாவதில்லை. பத்து ஆண்டு கழித்துத் தேவைப்பட்டால் அதை மறுபடியும் எடுக்கலாம். (கடும் ஒவ்வாமை தந்த மருந்து இதற்கு விலக்கு; எடுத்துக்காட்டாக, அபாகாவிர் என்ற மருந்தால் ஒவ்வாமை வந்தவர்களுக்கு வாழ்நாளில் மறுபடியும் அதைக் கொடுக்கக் கூடாது.) வாய்ப்புகளைக் குறைப்பது மாற்றம் அல்ல, அரைகுறை அளவு மருந்துக்கு நடுவே வைரஸ் பெருகுவதுதான். இரும்பால் பாதியாகக் குறைந்த மருந்தும், இரண்டு நாள் நிறுத்திய மருந்தும் அந்த நிலைக்குத்தான் வழி திறக்கின்றன. ஒரே மாத்திரையில் இருந்தாலும் மூன்று மருந்துகளும் ஒரே வேகத்தில் உடலைவிட்டு வெளியேறுவதில்லை. டோலுடெக்ராவிர் ஏறக்குறைய 14 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. இரண்டு நாளில் பத்தில் ஒரு பங்குக்கு அருகே வந்துவிடும். எது கடைசியாக மிஞ்சுகிறதோ அது தனியாளாக வைரஸை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். அப்போது அதை எதிர்க்கக் கற்ற வைரஸ் மட்டும் பிழைத்துப் பெருகும். டோலுடெக்ராவிரை எதிர்க்க வைரஸ் கற்பது மிகக் கடினம் என்பதால் உங்கள் இரண்டு நாளில் பெரிய தீங்கு நேர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அதை ஒரு சோதனை முறையாக வைத்துக்கொள்ளாதீர்கள். வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி அங்கேயே நிலைத்தால்தான் உடலுறவு வழியாகக் கணவருக்குத் தொற்றாது என்று உறுதியாகச் சொல்ல முடியும். மருத்துவர் அப்படிச் சொல்லும்வரை ஆணுறை வேண்டும்.

தோழியின் புதிய மாத்திரையைப் பற்றி. அது எதுவென்று நீங்கள் எழுதவில்லை. டெனோஃபோவிரின் பழைய வடிவம் 300 மில்லிகிராம், புதிய வடிவமான அலாஃபெனமைடு வெறும் 25 மில்லிகிராம். ஆகவே சிறிய மாத்திரை என்றால் அந்த வகையாக இருக்கலாம். சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் புதியது மென்மையானது; அந்தக் காரணத்துக்காக மாற்றுவது பொருள் உள்ளது. ஆனால் உங்கள் குறை எடை. எடையைப் பொறுத்தவரை பழைய டெனோஃபோவிர்தான் கட்டுக்குள் வைக்கும். அதைவிட்டுப் புதியதுக்கு மாறியவர்களுக்கு எடை கூடியிருக்கிறது. கூடிய மூன்று கிலோவில் ஒரு பகுதி, வைரஸோடு போராடி இளைத்த உடல் தன் பழைய நிலைக்குத் திரும்புவதாகவும் இருக்கலாம். நோய் தெரிவதற்கு ஓராண்டு முன்பு உங்கள் எடை என்னவாக இருந்தது என்று பாருங்கள். அதோடு ஒப்பிட்டுச் சொன்னால்தான் மருத்துவரால் எதையும் தீர்மானிக்க முடியும்.

குழந்தையைப் பற்றிய அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2018-ல் போட்ஸ்வானாவில் நடந்த ஓர் ஆய்வில், கருத்தரிக்கும்போதே டோலுடெக்ராவிர் எடுத்துக்கொண்டிருந்த 426 பெண்களின் பிள்ளைகளில் நால்வருக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு (மூளையோ தண்டுவடமோ கருவில் சரியாக உருவாகாத பிறவிக் குறை) இருந்தது தெரியவந்தது. எதிர்பார்த்ததைவிட அது மிக அதிகம் என்பதால் உலகமெங்கும் எச்சரிக்கை விடுத்தார்கள். கருத்தரிக்கும் வயதிலிருந்த பெண்கள் பலருக்கு அந்த மருந்து மறுக்கப்பட்டது. அதே ஆய்வு தொடர்ந்து நடந்தபோது, கணக்கில் வந்த பிரசவங்கள் பெருகப்பெருக விகிதம் இறங்கியது. 2019-ல் 1,683 பிரசவங்களில் ஐந்து என்றானது. பிறகு மேலும் இறங்கி, மற்ற மருந்துகளை எடுத்தவர்களின் விகிதத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் கருத்தரிக்க விரும்பும் பெண்கள் உட்பட எல்லோருக்கும் டோலுடெக்ராவிரைப் பரிந்துரைத்துவிட்டது. எச்சரிக்கை பரவிய வேகத்தில் மறுப்பு பரவவில்லை. நீங்கள் கேட்டது அந்தப் பழைய எச்சரிக்கையின் எதிரொலிதான். குழந்தைக்காக மருந்தை மாற்ற வேண்டியதில்லை. ஃபோலிக் அமிலம் மட்டும், எந்த மருந்தில் இருந்தாலும், கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

மாற்றுவதென்று முடிவானால், மருத்துவர் சில விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். அவை இருக்கின்றனவா என்று நீங்களே கேட்கலாம். ஹெப்பாடைட்டிஸ் பி பரிசோதனை முடிவு என்ன? அந்தத் தொற்றும் இருந்தால், டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் சேர்த்து அடக்கிக்கொண்டிருக்கும். இது தெரியாமல் அவற்றை நிறுத்திவிட்டால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம். உங்கள் வைரஸ் எந்த மருந்துகளை எதிர்க்கிறது என்று காட்டும் மருந்து எதிர்ப்புப் பரிசோதனையைத் தொடக்கத்தில் செய்தார்களா? டோராவிரின் போன்ற மாற்று மருந்துகள் தூக்கத்தைக் குறைவாகவே தொந்தரவு செய்யும். ஆனால் அவ்வகையை வைரஸ் எதிர்க்கக் கற்பது டோலுடெக்ராவிரை எதிர்ப்பதைவிட எளிது. மாத்திரையே வேண்டாம் என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைக் கேட்பவர்கள் உண்டு; பொதுவாக, வைரஸ் நன்றாக அடங்கிய பிறகே அதற்கு மாற்றுவார்கள். எதற்கு மாறினாலும், பழையதை இன்று முடித்து நாளை அதே நேரத்துக்குப் புதியதைத் தொடங்க வேண்டும். நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் வைரஸ் அளவை மறுபடியும் பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் நிறுத்தியதையும், இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கியதையும் கட்டாயம் சொல்லுங்கள். மருத்துவர் கடிந்துகொள்ளலாம், அது ஐந்து நிமிடம். சொல்லாமல் விட்டு, அடுத்த பரிசோதனையில் 210 என்பது 900 ஆகி வந்தால், அவர் கண்ணில் அது மருந்தின் தோல்வியாகத்தான் தெரியும். தோற்காத ஒரு நல்ல மருந்தை, தோற்றது என்று உங்கள் கோப்பில் எழுதிவிடுவார்.