ஆறு வரியில் தொடங்கலாம்

கேள்வி இதுதான்: "பொறியியல் படித்தேன், இப்போது ஐ.டி. வேலை. பள்ளிப் பாடத்துக்குப் பிறகு தமிழில் எதையும் உருப்படியாக வாசித்ததில்லை. கவிதை, தத்துவம், நாவல் எல்லாம் வாசிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? ஒரு வருடத்தில் முடிக்கிற மாதிரி ஒரு பட்டியல் கிடைக்குமா?"

பட்டியல் தரப்போவதில்லை. ஒரே ஒரு பாடலைத் தருகிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இதே ஆசை இருபத்தேழு வயதில் வந்தது. புத்தகத் திருவிழாவுக்குப் போனேன். வாசிக்கிற பழக்கமுள்ள நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்த பட்டியல் கையில் இருந்தது. பதினான்கு புத்தகம் வாங்கினேன். எல்லாம் கனமானவை. தத்துவ வரலாறு ஒன்றை எடுத்து நாற்பது பக்கம் வரை போனேன். அத்வைதம், துவைதம், சாங்கியம் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. எதற்காக இவர்கள் இவ்வளவு மல்லுக்கு நிற்கிறார்கள் என்பது மட்டும் பிடிபடவில்லை. எட்டு மாதம் அந்தப் புத்தகங்கள் அலமாரியில் அப்படியே இருந்தன. நமக்கு இதெல்லாம் ஏறாது என்று முடிவே கட்டிவிட்டேன்.

இன்று யோசித்தால் நடந்தது புரிகிறது. மற்றவர்களின் பதில்களை வாங்கி அடுக்கியிருந்தேன். என்னிடம் கேள்வியே இல்லை.

அப்போது நான் கோவில்பட்டியில் இருந்து திருநெல்வேலிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில், இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை. போகும்போது ஒன்றேகால் மணி நேரம், வரும்போது ஒன்றேகால் மணி நேரம். ஆடுகிற பஸ்ஸில் கனமான புத்தகத்தைப் பிடிக்க முடியாது என்பதால் குறுந்தொகையை எடுத்துப் போனேன். வேறு பெரிய காரணம் இல்லை. 401 பாடல்கள், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வரிக்குள். ஒரு பாடலை வாசித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வரலாம். அப்படித்தான் 167ஆம் பாடல் என்னிடம் வந்தது. கூடலூர் கிழார் பாடியது:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே

முதல் தடவை பாதிகூடப் புரியாது. பரவாயில்லை. முதலில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். சங்க அகப்பாடல்களின் அடியில் அதை ஒரு வரியில் போட்டிருப்பார்கள். இதில் வளர்த்த தாயான செவிலி, மணமான பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். இது தெரிந்ததுமே பாதிக் கதவு திறந்துவிடும்.

அப்புறம் சொற்கள். முளிதயிர் என்றால் நன்றாக உறைந்து முற்றிய தயிர். கலிங்கம் என்பது ஆடை. குய் என்றால் தாளிப்பு. இந்த ஒரு சொல் தெரிந்ததும் எனக்குக் கடுகு வெடிக்கிற சத்தமே கேட்டது. தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு, அதை மாற்றக்கூட நேரமில்லாமல், மை தீட்டிய கண்ணில் தாளிப்புப் புகை நிறைய, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு. கணவன் "இனிது" என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகம் நுட்பமாக மகிழ்ந்தது. கடைசி வரியில் பலரும் தடுக்கி விழுவார்கள். மகிழ்ந்தன்று என்றால் மகிழவில்லை என்று இன்றைய காதுக்குக் கேட்கும். பழைய தமிழில் அது "மகிழ்ந்தது" என்றே பொருள்படும்.

பாடலில் கணவன் பேசுவது ஒரே ஒரு சொல். அவள் ஒன்றுமே பேசவில்லை. அந்த நுட்பமான மகிழ்ச்சியைக் கணவன் கவனித்தானா என்று பாடல் சொல்லவில்லை. கவனித்தது செவிலி. சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்தவள் என்பதால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இதை நான் கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது. அதுவும் கயத்தாறு தாண்டும்போது, எதையோ யோசித்துக்கொண்டிருக்கையில் சட்டென்று வந்தது. கவிதை வாசிப்பு என்றால் எனக்கு இன்றும் அதுதான்: ஒரு பாடலை வாயில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் சும்மா இருப்பது.

அந்த வாரக் கடைசியில் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அடுப்படியில் நின்றபடியே கேட்டார். பொருள் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஏய்யா, அந்தப் பிள்ள சாப்பிட்டாளாமா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பாடலிலும் அது இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உரைகளைப் புரட்டினேன், தமிழாசிரியர் ஒருவரிடம் கேட்டேன். அவர்தான் நற்றிணை 110ஐப் படிக்கச் சொன்னார். போதனார் பாடியது. வேறு புலவர், வேறு பெண். அதில் தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு, நரைத்த செவிலியர் ஒரு சிறுமியின் பின்னால் ஓடுகிறார்கள். அவள் பந்தலைச் சுற்றி ஓடிப் போக்குக் காட்டுகிறாள். அதே பெண் வளர்ந்து மணமாகி, கணவன் வீடு வறுமைப்பட்டபோது, தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை நினைக்காமல், ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கிறாள். இவ்வளவு உறுதி இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தாய் வியக்கிறாள். அதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தனக்குக் கல்யாணமான முதல் வருடத்தைப் பற்றிப் பேசினார். எனக்கு அதுவரை தெரியாத விஷயங்கள்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அடுத்து என்ன வாசிக்கலாம் என்பதை, வாசித்து முடித்தது விட்டுப்போன கேள்வி காட்டும். பட்டியலால் அது முடியாது, ஏனென்றால் உங்கள் வீட்டில் யார் என்ன கேட்பார்கள் என்று பட்டியல் எழுதியவருக்குத் தெரியாது.

உரையை முதலிலேயே திறக்காதீர்கள். வாய்விட்டுப் படித்து, சொற்களைப் பிரித்துப் பார்த்து, தெரியாததைப் பென்சிலால் கோடிட்ட பிறகு திறங்கள். உ.வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பின் உரை இன்றும் நல்ல துணை. அந்தப் பதிப்பைப் பற்றி எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே. ராமானுஜன் 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடப் போனபோது, தற்செயலாக இதைத்தான் கண்டெடுத்தார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், ஆனால் பழந்தமிழை முறையாகப் படிக்காதவர். வயது 33. ஐந்து வருடம் கழித்து அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வந்தது. தாமதமாகிவிட்டதே என்று நீங்கள் தயங்கினால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கவிதைக்கு அதிகம் சொல்ல மாட்டேன். பாரதியின் வசன கவிதைகளைச் சத்தமாகப் படியுங்கள். பிறகு யாராவது ஒரு கவிஞரின் மெல்லிய தொகுப்பு ஒன்றை வாங்கி, அதை மட்டும் ஒரு மாதம் வைத்திருங்கள். ஒரு கவிஞரின் குரல் பழக நாளாகும். பலர் சேர்ந்த தொகுப்பில் அது பழகும் முன்பே அடுத்தவர் வந்துவிடுவார்.

கதைக்கு வருகிறேன். நான் தினமும் போன அந்தப் பாதையில், கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவில் இடைசெவல் என்றொரு ஊர் வரும். இரண்டு வருடம் அந்த ஊரைச் சும்மா கடந்து போயிருக்கிறேன். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அந்த ஒரே ஊர்க்காரர்கள், கூட்டாளிகள், இருவருமே சாகித்ய அகாதமி விருது பெற்றவர்கள் என்று தெரிந்த அன்று, பஸ் அங்கே மெதுவானபோது எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். வேப்பமரமும் கரிசல் காடும்தான் தெரிந்தது. ஆனாலும் எனக்கு அது பழைய பாதையாக இல்லை.

அழகிரிசாமியின் "ராஜா வந்திருக்கிறார்" கதையில் தொடங்கச் சொல்வேன். பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுப்பதே பெரும்பாடாக இருக்கிற ஏழை வீடு. தீபாவளிக்கு முந்தின நாள் ஆதரவில்லாத ஒரு சிறுவன் வந்து சேர்கிறான். பெயர் ராஜா. விடிந்தால் பண்டிகை, அவனுக்கு உடுத்த என்ன கொடுப்பது? அந்தத் தாய் எண்ணெய் தேய்த்துவிடுகிற இடத்தை நிதானமாகப் படியுங்கள். ஆசிரியர் எங்கேயும் இரக்கப்படு என்று நம்மிடம் சொல்வதில்லை. முடிவை நான் சொல்ல மாட்டேன்.

ஒரு கதை பிடித்தால் அதே எழுத்தாளரின் இன்னும் ஐந்து கதை படித்துவிட்டு அடுத்தவரிடம் போங்கள். புதுமைப்பித்தனின் "செல்லம்மாள்", அசோகமித்திரனின் "புலிக்கலைஞன்" இரண்டும் அரைமணி நேரத்தில் படித்துவிடலாம், ஆனால் பல வருடம் கூடவே வரும். நாவலுக்குக் கி.ரா.வின் "கோபல்ல கிராமம்". 1976இல் வந்தது. தெற்கே குடிபெயர்ந்து வந்த தெலுங்கு பேசும் குடும்பங்கள் காட்டைத் திருத்திக் கரிசல் மண்ணில் ஊர் உண்டாக்கிய கதை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெரியவர் சொல்வது போலவே இருக்கும், பயமே வேண்டாம்.

தத்துவம்தான் பலரும் தப்பாகத் தொடங்குகிற இடம், நானும் சேர்த்து. வரலாற்று நூலில் தொடங்காதீர்கள். இரண்டு குறளில் தொடங்குங்கள்.

எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள்
மெய்ப்பொருள் காண்ப தறிவு. (423)

எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள்
மெய்ப்பொருள் காண்ப தறிவு. (355)

இரண்டாவது வரி இரண்டிலும் ஒன்றே. ஏன் இரண்டு குறள்? ஒன்று அறிவுடைமை அதிகாரத்தில், மற்றது மெய்யுணர்தலில். எனக்கு இது அலுவலகத்தில்தான் விளங்கியது. ஒரு கோரிக்கையைப் பார்க்கும்போது கை இரண்டு இடத்தில் சறுக்கும். சொல்கிறவர் பெரிய ஆள் என்றால் நம்பிவிடுவோம். அது முதல் குறள். ஆளே தெரியாதபோதும், அச்சடித்த அழகான தாளில் வந்தால் சரி என்றும், கோணல் எழுத்தில் கசங்கி வந்தால் சந்தேகம் என்றும் தோன்றும். அது இரண்டாவது குறள். ஒரு முறை, பக்கத்து வீட்டுப் பையன் எழுதிக் கொடுத்த ஒரு பாட்டியின் மனுவை ஒதுக்கி வைத்திருந்தேன். திரும்ப எடுத்துப் பார்த்தால் அதில் இருந்த ஒவ்வொரு தேதியும் சரி. அன்று இரவு தூக்கம் வரவில்லை. எதை வைத்து ஒன்றை உண்மை என்கிறோம்? அந்தக் கேள்வி எனக்கென்று வந்தது அன்றுதான்.

கேள்வி வந்த பிறகு, சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசியதைச் சொல்லும் பிளேட்டோவின் அப்பாலஜியைப் படியுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசம், ஒரு ஞாயிறு மதியம் போதும். கி.மு. 399, ஏதென்ஸ். எழுபது வயதுச் சாக்ரடீஸ், இளைஞர்களைக் கெடுத்தார், ஊரார் நம்பும் தெய்வங்களை நம்பவில்லை என்ற குற்றச்சாட்டில் நிற்கிறார். குற்றவாளி என்று வாக்கு விழுந்ததும், முப்பது வாக்கு மாறியிருந்தால் விடுதலையாகியிருப்பேன் என்று வியக்கிறார். உமக்கு என்ன தண்டனை தகும் என்றால், ஊர்ச் செலவில் எனக்குச் சாப்பாடு போடுவதே தகும் என்கிறார். கலைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் ஒரு மனிதர் தன் வாழ்க்கையை வாதமாக வைக்கிறார்.

அங்கிருந்து மணிமேகலையின் 27ஆம் காதைக்கு வாருங்கள். வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயக்கணக்கரிடமாக, அதாவது தம் சமயக் கொள்கையை எடுத்துச் சொல்பவரிடமாக, போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கடைசியில் பூதவாதி, பூதங்களின் சேர்க்கைதான் எல்லாம் என்பவன். கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன், மறுபிறவி என்பதெல்லாம் கிடையாது என்கிறான். மணிமேகலை சிரித்துக்கொண்டே கேட்கிறாள்: உன் தாயும் தந்தையும் இவர்கள்தான் என்பதை அனுமானத்தால், அதாவது ஊகித்து அறிவதால், அல்லாமல் வேறு எதனால் அறிந்தாய்? மறுபிறவி பற்றி நாம் என்ன நினைத்தாலும் சரி, அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துப் பாருங்கள். நான் இரண்டு வாரம் அதோடு அலைந்தேன். அதற்குப் பிறகுதான் அலமாரியில் இருந்த தத்துவ வரலாற்றை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு சண்டையில் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறவர்களாகத் தெரிந்தார்கள். முழுவதும் படித்து முடித்தேன்.

பழைய நூல்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் மூலம் கிடைக்கும். கதைகளுக்கு உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள்.

முதல் வாரத்துக்கு மேலே தந்த ஆறு வரி போதும். கையால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் கழித்து, வீட்டில் சமைக்கிறவர் யாரோ அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன கேட்டார் என்று இங்கே வந்து எழுதினால், அடுத்து எதை வாசிக்கலாம் என்று சேர்ந்தே தேடுவோம்.