நுவரெலியாவில் விடியற்காலை பைப்பில் தண்ணீர் வரவில்லை: உறைந்ததா, அடைப்பா?

ஜனவரி, பெப்ரவரியில் காற்றில்லாத தெளிந்த இரவு கழிந்து, புல்லில் வெள்ளையாக உறைபனி கிடந்தால் முதல் சந்தேகம் உறைதல்தான். புல்மேல் கிடக்கும் மெல்லிய குழாயில்தான் இது நடக்கும். வெறுங்கையால் தடவிப் பாருங்கள். உறைந்த இடத்தில் வெண்பனி ஒட்டியிருக்கும், வளையக்கூடிய கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் வளையாமல் விறைத்து நிற்கும். வெயில் ஏறியும் தண்ணீர் வராவிட்டால் ஊற்றிலிருந்து குழாய் தண்ணீர் எடுக்கும் வாயில் இலை அடைத்திருக்கும், அல்லது குழாயில் காற்று சிக்கியிருக்கும்.

உறைந்திருந்தால், தண்ணீர் பிடிக்கும் பைப்பைத் திறந்தே வையுங்கள். பைப் பக்கமிருந்து தொடங்கி மேல்நோக்கிப் பழந்துணியைச் சுற்றி, கை பொறுக்கும் சுடுதண்ணீரை ஊற்றுங்கள். கொதிநீர், பந்தம் இரண்டும் வேண்டவே வேண்டாம்: பீ.வீ.சீ. இளகிவிடும், வெடிக்கும்.

உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் வரை பருக்கும். கறுப்புக் குழாய் கொஞ்சம் தாங்கும், பீ.வீ.சீ. முழங்கை மூட்டில் வெடிப்பு விழும். பனி உருகிய பிறகுதான் கசிவு தெரியும், அதனால் டாங்கி வால்வுக்குப் பக்கத்திலேயே ஒருவர் நிற்கட்டும்.

இங்கே குளிர் மண்ணுக்குள் ஆழமாக இறங்காது. அரை அடி புதைத்தாலே போதும். பாறைமேல் போகும் துண்டுக்குச் சாக்கு சுற்றி, மழை நனைக்காமல் பொலித்தீன் கட்டுங்கள். நனைந்த சாக்கு குளிரைத் தடுக்காது.